செல்வத்தின் வேலையும் என் லைசன்சும்

செவ்வாய், மார்ச் 12

கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீடுகளுக்கு வயரிங் செய்யும் செல்வத்துக்கு எலக்ட்ரீஷியன் லைசன்ஸ் இல்லை. அவன் வேலைகளுக்கு நான்தான் என் லைசன்சில் கையெழுத்து வைத்து வந்தேன். சட்டப்படி பிழை. இன்று பையில் வயரும் பற்றரியும் கிடந்ததென்று, குண்டு வைக்க வந்தவனோ என்ற சந்தேகத்தில், மருதானையில் பொலிஸார் அவனைப் பிடித்துவிட்டார்கள்.

அவன் மனைவி ராணி ஓடி வந்தாள். "அண்ணை, உங்களிட்டத்தான் வேலை செய்யிறார் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. விட்டிடுவாங்கள்."

கூடப் போனேன். "இவன் உன்னுடைய ஆளா?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். லைசன்ஸ் பறிபோய்விடுமே என்ற பயத்தில், "இல்லை, முகப்பழக்கம் மட்டும்தான்" என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். அவனை விடவில்லை.

ராணி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான், சிங்களம் விளங்காது. திரும்பும்போது பஸ்ஸில், "நீங்கள் எவ்வளவோ கதைச்சுப் பாத்தனீங்கள், அண்ணை" என்று அழுதாள்.

ஓம் என்று தலையாட்டினேன்.