கணினியில் நான் இல்லை

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

இங்க ஒரு சின்னக் குளறுபடி. என் பேருள்ள இன்னொருத்தி வேலையை விட்டுப் போனா. கணினியில அவளுக்குப் பதிலா என்னை நீக்கிட்டாங்க. நான் வேலை பார்க்கிற கிடங்கு வாசல், விடுதி அறை, கம்பெனி கொடுத்த போன் எல்லாமே கணினியில இருக்கிற அந்த ஒரு பதிவை நம்பித்தான் ஓடுது. இப்போ எதுவும் வேலை செய்யல. அதான் கடிதம்.

"உங்க முன்னாடிதானே சார் நிக்கிறேன்?"னு கம்பெனி அதிகாரிகிட்ட கேட்டேன்.

"எனக்குத் தெரியுதும்மா, கணினிக்குத் தெரியலையே"ன்னார்.

மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். யார் கால்ல விழறதுன்னே தெரியலப்பா.

என் பிறப்புச் சான்றிதழ் நகலை, வெளியில தங்கியிருக்கிற என் தோழியோட அறைக்கு அனுப்புங்க, விலாசம் பின்பக்கம் இருக்கு. அங்கதான் தரையில படுத்துக்கிறேன். உறை மேல என் பேரைப் பெருசா எழுதுங்க. அதை எங்கேயாவது பார்க்கணும்போல இருக்கு.

மறுபடி அதிகாரியைப் பார்க்க நிக்கிற வரிசை நகருது, முடிச்சுக்கிறேன்.

உங்க மகள்