உப்புக் கை

அக்கா,

தீபாவளிக்கு அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன். அடுப்புப் புகை கண்ணில் ஏறியது. கை முழுக்க மாவு. வழக்கம்போலத் தோளை உயர்த்தி, கழுத்தைச் சாய்த்து, ரவிக்கைத் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு டிவியில் நம் நாடகப் பாட்டு கேட்டது. மெட்டு நம்முடையதுதான், அதன்மேல் பத்துப் பதினைந்து வயலினை ஏற்றி வைத்திருந்தார்கள். சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். நம் நாடகத்தை வைத்து எடுத்த அந்தப் படத்தைத்தான் போட்டிருந்தார்கள். தீபாவளிச் சிறப்புப் படமாம். ஓடாத படத்துக்கு வந்த வாழ்வைப் பார்.

உன்னிடம் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. கேட்க வேண்டிய காலத்தில் கேட்காமல் ஊரெல்லாம் வாயாடிவிட்டு, நீ போய்ச் சேர்ந்த பிறகு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலிலிருந்து எழுதினால் எனக்காவது விளங்குகிறதா பார்க்கிறேன்.

நம் நாடகத்தில் பேச்சே கிடையாது, எல்லாம் பாட்டு. உப்பளத்தில் கூடை தூக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாரியம்மன் திருவிழாவிலும் மாதா கோயில் திருவிழாவிலும் போட்டது. நீதான் கதாநாயகி. கடலுக்குப் போன புருஷன் திரும்ப மாட்டான் என்ற சேதி வரும்போது தலையில் உப்புக் கூடையோடு நிற்பவள். நான் உனக்கு மாமியார். கூடப் பிறக்காவிட்டாலும் அக்கா என்று கூப்பிடுகிறவள், உன்னைவிட ஏழு வயது சின்னவள், தலையில் பவுடரைக் கொட்டிக்கொண்டு உன்னைத் திட்டிப் பாட வேண்டும். பொருந்தாத வேஷம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. இவள் வாய்க்கு இதுதான் சரி என்றார்கள்.

சேதி வந்ததும் நீ கூடையை இறக்காமலே பாடுவாய். மேடையில் அது வெறும் கூடைதான், மேலே வெள்ளைத் துணி போட்டு மூடியிருப்போம். ஆனால் உன் கழுத்தைப் பார்த்தால் உள்ளே உப்பு இருக்கிறது என்று சத்தியம் செய்யலாம். பாட்டு முடிந்து கூடையை இறக்கிவைத்து, தோளில் கண்ணைத் துடைப்பாய். உப்புப் பட்ட கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே தெரியும். அந்தத் தோள் உயர்ந்ததும் கீழே இருக்கும் பெண்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சுவார்கள்.

2004 திருவிழாவில் ஒரு சினிமா டைரக்டர் வந்து பார்த்தார். இதைப் படமாக எடுக்கிறேன் என்றார். அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. உப்புப் பாத்தியெல்லாம் சேறு. படத்தை நாம் மறந்தே போனோம். அடுத்த வருஷம் சித்திரையில் வேனும் லைட்டுமாக வந்து இறங்கினார்கள். உன்னைத்தான் நடிக்க வைப்பார்கள் என்று நான் ஊருக்கே சொல்லி வைத்திருந்தேன். இறங்கியது வேறு ஒருத்தி. இருபத்திரண்டு வயது, ஆட்டத்துக்குப் பேர் போனவள், தமிழ் தெரியாது. முகத்துக்குக் கறுப்பு பூசியிருந்தார்கள், காதுக்குப் பின்னால் வெள்ளையாகவே விட்டுவிட்டார்கள். கூடைக்குள் தெர்மாகோலை அடைத்து, மேலே ஒரு படி உப்பைத் தூவினார்கள். அதற்கே அவள் கழுத்து ஆடியது. அவளுக்கு நடை சொல்லிக்கொடுக்கவும், பின்னால் கும்பலில் நிஜ உப்புக் கூடையோடு போகவும் உன்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு வயிறெரிந்தது. உன் வேஷத்தைப் பிடுங்கிக்கொண்டு உன்னையே எடுபிடி ஆக்குகிறார்களே என்று குதித்தேன். நீ சிரித்தாய்.

"வந்த பொண்ணு என்னாடி பண்ணும்? அதுக்கும் இது வேலதானே."

சேதி வரும் காட்சியை எடுத்த அன்று, அதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தீர்கள். உனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு உன் பாஷை தெரியாது. என்னதான் பேசினீர்களோ. தூரத்தில் வரப்பில் நின்று பார்த்தேன். நீ இரண்டு கையையும் முகத்துக்கு நேரே கொண்டுபோனாய். வெயிலை மறைக்கிறாய் என்று நினைத்தேன். இப்போதும் சொல்ல முடியவில்லை, வெயிலைத்தான் மறைத்தாயோ என்னவோ.

ஒத்திகையில் அவள் கூடையைக் கீழே போட்டாள், இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைத் துடைத்தாள். அவள் உன் பக்கம் திரும்பி, கற்று வைத்திருந்த இரண்டு வார்த்தையில் கேட்டாள்: "அக்கா, கரெக்டா?"

"கரெக்ட்டுதாம்மா. அப்பிடியே பண்ணு."

உன் காதருகில் வந்து, கையால் துடைக்கிறாளே, சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். நீ சும்மா இரு என்றாய்.

2006 பொங்கல் முடிந்து படம் வந்தது. இருபத்தைந்து பேர் வேன் பிடித்துத் திண்டிவனம் போனோம். அந்த இடம் வந்தது. திரை முழுக்க அவள் முகம். உப்புக் கை இரண்டும் கண்ணுக்குப் போனது. வேனில் வந்த நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கண்ணு போச்சு என்று ஒருத்தன் கத்தினான். தியேட்டரில் இருந்த மற்ற ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை, திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நீ மட்டும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அசையாமல் இருந்தாய். வெளியே வந்ததும் நான் உன் கையைக் கிள்ளினேன். நீ எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அது சரியாதான் பண்ணிச்சு" என்றாய்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது என்று நினைத்தேன். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். உன் வேஷத்தைக் கட்டியவளை உன் ஊரே சிரிக்கும்படி செய்திருக்கிறாய். பெருமையாக இருந்தது அக்கா, பொய் சொல்ல மாட்டேன். உப்பளத்தில், டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், எங்கள் அக்கா கதாநாயகிக்கு வைத்தாள் பார் ஆப்பு என்று நானே சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அது சுற்றிச் சுற்றி உன்னிடமே வந்தது. மறுநாளே நீ கூடையை எடுத்துக்கொண்டு வேறு முதலாளியின் பாத்திக்குப் போய்விட்டாய். பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் மடக்கி, எதற்கு இந்தக் கோபம் என்று கேட்டேன்.

"என்னப் பத்தி உனக்கு என்னாடி தெரியும்?"

நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். ஐந்து மாதம். நீயாக வருவாய் என்று நானும் முறுக்கிக்கொண்டு இருந்தேன். எனக்கும் கொழுப்பு.

ஆனி மாதம் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாய், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னபோது என் தலையில் கூடை இருந்தது. அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன். வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும். கண்ணில் கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி எரிந்தபோதுதான் என் இரண்டு உள்ளங்கையும் முகத்தில் இருப்பது தெரிந்தது. இருபது வருஷமாக உப்பளத்தில் இருக்கிறவள். மாமாதான் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய் முகத்தில் தண்ணீர் அடித்தார். தன் பெண்டாட்டி கிடக்கும்போது எனக்குத் தண்ணீர் அடித்த மனுஷன். அடித்துக்கொண்டே சொன்னார்.

"அவளும் இப்பிடித்தான் பண்ணா. பெரியவன் போன அன்னிக்கு பாத்தியிலேர்ந்து ஓடியாந்தா. ரெண்டு நாளு கண்ணத் தொறக்க முடியல."

உன் மூத்த பையன் காய்ச்சலில் போனான் என்பது எனக்குத் தெரியும். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வருவதற்கு முன்னால் நடந்தது. இது தெரியாது. நீ சொன்னதில்லை.

இங்கேதான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உன் வாழ்க்கையில் நடந்ததைத்தான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தாயா? அப்படியானால் இத்தனை வருஷம் மேடையில் ஏன் தோளில் துடைத்தாய்? எங்களிடம் காட்டாததை, பேர்கூட உனக்குச் சரியாகச் சொல்ல வராத ஒருத்தியிடம் ஏன் காட்டினாய்? சொல்லப்போனால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இல்லை, அவள் தானாகவே கையால் துடைத்தாளா, அதைப் பார்த்துத்தான் உனக்கு அந்த நாள் ஞாபகம் வந்ததா? இல்லை, வெயில் ஏறுகிறது, ஆளை விட்டால் போதும் என்று தலையாட்டினாயா? நான் ஊரெல்லாம் சொன்ன ஆப்பில் ஒரு துளியாவது உண்மை இருந்ததா? ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொன்று சரி என்று படுகிறது.

தீபாவளியன்று அந்த இடம் வந்தபோது பக்கத்து வீட்டு மருமகள் சிரித்தாள். அவளும் கூடை தூக்குகிறவள்தான். உப்புக் கையைக் கண்ணில் வைக்கிறது பார் என்றாள்.

"சரியாதான் பண்ணுது" என்றேன்.

அன்று நான் உன்னைப் பார்த்த மாதிரியே அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப நாடகத்துல அக்கா பண்ணது தப்பா?" என்று கேட்டாள். அதிரசம் தீய்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். சட்டியை இறக்கி வைத்தவளே நான்தான்.

மாசித் திருவிழாவுக்கு நாடகம் போட வேண்டும் என்கிறார்கள். உன் வேஷம் எனக்காம். மாமியார்க்காரிக்கு மருமகள் வேஷம், நன்றாக இருக்கும் கூத்து. முடியாது என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. பாட்டெல்லாம் நெஞ்சில் இருக்கிறது. கூடையை இறக்கிய பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. தோளில் துடைத்தால் எல்லாரும் அழுவார்கள், எனக்கு மட்டும் அது பொய்யாக இருக்கும். கையில் துடைத்தால் சிரிப்பார்கள், உன்னையும் சேர்த்துச் சிரித்த மாதிரி ஆகும்.

ஒன்றை மட்டும் முடிவு செய்திருக்கிறேன் அக்கா. வெறும் கூடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாத்தியிலிருந்து அள்ளிய ஈர உப்பையே கூடை நிறையத் தூக்கிக்கொண்டு மேடை ஏறப்போகிறேன். அந்த நேரத்தில் கை எங்கே போகிறதோ அங்கே போகட்டும்.