மூட்டை தூக்கிய மறுநாள் எடுத்த இரத்தம்

அனுப்புநர்:
செல்வி அ. ஜெயக்கொடி,
ஐந்தாம் பாரம் மாணவி,
த/பெ. அய்யாத்துரை, மளிகைக் கடை,
கல்மண்டபம், இராயபுரம், சென்னை–13.

பெறுநர்:
தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
கடலோரச் சரக்குக் கிடங்குகள் நிர்வாகம்,
சென்னை.

பொருள்: தீயணைப்புப் பிரிவு வேலைக்கு மனுச் செய்த என் அண்ணன் அ. முப்பிடாதியின் மருத்துவச் சீட்டில் உள்ள "கல்லீரல் பழுது, குடிப்பழக்கம் இருக்கலாம்" என்னும் குறிப்பை நீக்கவும், இனி உடல்திறன் தேர்வுக்கு முன்பே இரத்தம் எடுக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது புகார் மனு என்றாலும் மிகுந்த நிம்மதியோடு எழுதுகிறேன். என் அண்ணனின் கல்லீரலில் ஒரு குறையும் இல்லை என்று நேற்று மாலை உறுதியாகிவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு எங்கள் அம்மா நேற்று வயிறாரச் சாப்பிட்டார். குடும்பம் பிழைத்துக்கொண்டது, இனிப் பிழைக்க வேண்டியது அண்ணனின் பெயரும் வேலையும்தான்.

2. சென்ற ஆகஸ்டில் தங்கள் கிடங்கு முற்றத்தில் உடல்திறன் தேர்வு நடந்தது. தோளில் மணல் மூட்டையுடன் இரும்பு ஏணியில் ஏறி இறங்க வேண்டும். பிறகு கயிற்றில் ஏற வேண்டும். அண்ணன் முதலாவதாக முடித்தார். புளியந்தோப்பைச் சேர்ந்த லோகநாதன் என்பவர் அடுத்ததாக முடித்தார். மறுநாள் காலை எல்லோருக்கும் இரத்தம் எடுத்தார்கள். அதில், கல்லீரல் கெட்டால் இரத்தத்தில் கூடும் டிரான்ஸாமினேஸ் என்னும் பொருளை அளக்கும் புதிய சோதனையும் ஒன்று. அண்ணனுக்கு அது இருக்க வேண்டியதைப் போல் மூன்று மடங்கு இருந்தது. அதன்மேல்தான் மேற்படி குறிப்பு எழுதப்பட்டது. லோகநாதனுக்கும் அதே குறிப்பு. ஏணியின் பாதியிலேயே மூட்டையைக் கீழே போட்டவர்களின் இரத்தமோ சுத்தமாக இருந்தது. இதை அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

3. மதுவிலக்கு நடக்கும் இந்நாளில் அப்படி ஒரு குறிப்பு என்ன செய்யும் என்பது தாங்கள் அறிந்ததே. அது எப்படியோ எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. அப்பாவின் கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எதிர்வீட்டு ராமதாஸ் என்பவர் அண்ணனை ஓரமாக அழைத்து, "இன்னா மாமு, நம்ம கிட்ட கூட சொல்லாம தனியா போய் வந்துகினு கீறியே, எங்க கெடைக்குது?" என்று ஆவலாகக் கேட்டார். அண்ணன் காப்பிகூடக் குடிக்காதவர். நான் சுகாதாரப் பாடப்புத்தகத்தில் கல்லீரல் நோய் பற்றிய பக்கத்தைப் படித்துவிட்டு, அதை ஒருவருக்கும் காட்டாமல் பையின் அடியில் வைத்துக்கொண்டேன்.

4. அண்ணனின் தேகப்பயிற்சி வாத்தியார் உசேன் அவர்கள் நல்லவர். அவர் சொன்ன வைத்தியம் இது: "பேஜாராவாத நைனா. தண்டாலு, பஸ்கி எல்லாம் டபுளா எடு. வேர்வ ஊத்துச்சினா உள்ள கீற கலீஜு தன்னால வெளிய பூடும்." அண்ணன் அப்படியே செய்தார். அம்மா காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். குறிப்பு பெற்றவர்களுக்குத் தாங்கள் வைத்த மறுபரிசோதனைக்கு முந்தின நாளும் தங்கள் விதிப்படி மூட்டையோடு ஏணி ஏற வேண்டியிருந்தது. இம்முறை அளவு முன்னைவிடக் கூடிவிட்டது. அன்றிரவு அப்பா கடைக் கணக்கைப் பார்க்காமல் படுத்துவிட்டார்.

5. அதன்பின் நான் அண்ணனை வற்புறுத்தி, எங்கள் பகுதியில் மருந்தகம் வைத்திருக்கும் டாக்டர் ஆலிஸ் அம்மையாரிடம் அழைத்துச் சென்றேன். அவர், அண்ணனின் கண்ணில் மஞ்சள் இல்லை, சிறுநீரின் நிறம் சரி, வயிற்றில் வீக்கம் இல்லை என்று பார்த்தார். பிறகு, இரத்தம் கொடுப்பதற்கு முந்தின நாள் என்ன செய்தாய் என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை. மூட்டையைப் பற்றி நான் சொன்னேன். அந்தப் பொருள் கல்லீரலில் மட்டும் இருப்பதில்லை, தசையிலும் உண்டு, கடுமையாக உழைத்த தசையிலிருந்து அது இரத்தத்தில் கலக்கக்கூடும் என்று அவர் விளக்கினார். இரண்டு வாரம் அசையாமல் இருந்துவிட்டு மறுபடியும் பார்ப்போம் என்றார்.

6. ஐயா, என் அண்ணனைச் சும்மா உட்கார வைப்பது எளிதன்று. ஒரு நாள் கதவை மூடிக்கொண்டு ஆட்டுக்கல்லைத் தூக்கப் போனார். அம்மா அகப்பையோடு வந்து, "ஏலே, சும்மா கெடன்னா கெடக்க மாட்டியா? உன் ஈரலுக்குக் காவக்காரியா நானு?" என்றார். ஆயினும் இரண்டு வாரம் ஓடியது. நேற்று வந்த சீட்டில் அளவு சரியாக இருக்கிறது. டாக்டர் அம்மையார் சொன்னதைச் சோதித்துப் பார்க்க உசேன் வாத்தியாரும் தாமாகவே அவரிடம் கையை நீட்டி, பயிற்சி முடித்த மறுநாள் இரத்தம் கொடுத்திருந்தார். தொழுகை தவறாத அவருக்கும் அளவு ஏறியிருந்தது. "நான் சொன்ன வைத்தியமே வெனையா பூட்ச்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா மட்டும் கீழாநெல்லிதான் காப்பாற்றியது என்கிறார். அளவு கூடிய இரண்டாம் முறையும் அண்ணன் அதையேதானே குடித்தார் என்று நான் கேட்டதற்கு, "படிச்ச பிள்ளல்லா, பேசுவ" என்று சொல்லிவிட்டார்.

7. தங்கள் சீட்டில் வந்த அளவு பொய் என்று நான் சொல்லவில்லை. வேகமாக ஏணி ஏறியவர்களே நோயாளிகளாகத் தள்ளப்படுகிறார்கள் என்பதே என் முறையீடு. கிடங்கில் தீப்பிடித்தால் ஏற வேண்டியவர்கள் அவர்கள்தாமே? ஆகவே, இம்மாதம் 23ஆம் தேதி நடக்கும் கடைசிப் பரிசோதனையில் முதலில் இரத்தம் எடுத்து, பிறகு மூட்டையைத் தூக்கச் சொல்லும்படியும், பழைய குறிப்பை அடித்துத் தாங்களே கையொப்பமிடும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

8. இன்னொன்று. இதற்குத் தாமதம் கூடாது. இரண்டாம் பரிசோதனையன்று தங்கள் அலுவலக பெஞ்சில் லோகநாதன் என் அண்ணனின் அருகில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குறிப்பை நம்பி அவர் மனைவி கோபித்துக்கொண்டு மீஞ்சூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாராம். அவரைத் தேற்றுவதற்காக, தண்டாலை இரட்டிப்பாக்கும் வைத்தியத்தை அண்ணன் அவருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார். நேற்று சீட்டைப் பார்த்ததும் அண்ணன் சட்டைகூட மாற்றாமல் புளியந்தோப்புக்கு ஓடினார். அங்கே, "எந்த லோகநாதன்? பேண்டு வாசிக்கிறவரா, சோடாக் கடைக்காரரா?" என்று கேட்கிறார்கள். இருவரும் அவர் இல்லை. அவருடைய விலாசம் தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. எங்கள் மனுவின் மீது முடிவெடுக்க நாளானாலும் ஆகட்டும். அவரிடம் மட்டும் இன்றே ஓர் ஆளை அனுப்பி, தண்டாலை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் குடிக்கவில்லை என்பதை அவர் மனைவிக்கும் யாராவது சொல்ல வேண்டும்.

இணைப்பு: டாக்டர் ஆலிஸ் அவர்களின் சான்று, புதிய இரத்தச் சீட்டு.

இடம்: இராயபுரம்
நாள்: 14–11–1959

தங்கள் ஆள் புளியந்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தார் என்ற செய்திக்காகக் காத்திருக்கும்,
அ. ஜெயக்கொடி