பல் வலிக்குச் சொன்ன மாத்திரை

பிப்ரவரி 11

அன்புள்ள சின்னவனுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் என்பதற்கு இந்தக் கோணல் எழுத்தே சாட்சி. போனில் பேசலாமே என்பாய். உன் போனை எடுப்பது உன் கிளினிக் பெண். "டாக்டர் பேஷன்ட் வாயில கை வச்சிருக்காருங்க" என்பாள். எப்போதும் யார் வாயிலாவது கை வைத்திருக்கும் ஆளிடம் மனம்விட்டுப் பேசுவது எப்படி? நீ விடுதியில் தங்கிப் படித்தபோது எழுதினேனே, அதுபோல எழுதிவிட்டால் எனக்கும் நிம்மதி. டிரம் ஏற்றிப் போகும் வண்டிக்காரர் உன் தெரு வழியாகத்தான் போகிறார், கொடுத்துவிடுவார்.

முந்தாநாள் நம் பழைய டிரம் குடோனுக்குப் போனேன். நான் படுத்திருந்த நேரத்தில் கழுவிய டிரம்மையும் கழுவாத டிரம்மையும் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். நின்று திட்டினேன். திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்து, குளியலறையில் நான் விழுந்து கிடந்த அன்று, நீ மட்டும் கிளினிக்கைப் போட்டுவிட்டு ஓடி வராவிட்டால் என் கதை முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர்களோடு அவர்கள் பாஷையிலேயே பேச வீட்டில் ஓர் ஆள் இருந்ததே பெரிய பலம். அதை நான் மறக்கமாட்டேன்.

குறை ஒன்று உண்டு, அண்ணன் சொல்கிறேனே என்று கோபிக்காதே. உன் அண்ணி முன்போல இல்லை. என் நெஞ்சில் உலோக வால்வு வைத்த நாளிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்கும் அந்த மாத்திரையை அவள் கையால்தான் வாங்கி முழுங்கி வந்தேன். இப்போது மாத்திரைப் பெட்டியை மகளிடம் கொடுத்துவிட்டாள். "நான் ரெண்டு தடவ கொடுத்திருக்கேன் போல. எனக்கே ஞாபகமில்ல. இனி என் கைய நம்பாதீங்க" என்கிறாள். பேச்சு குறைந்துவிட்டது, சாப்பாடும் இறங்கவில்லை. அவளிடம் நீ பக்குவமாகத்தான் எடுத்துச் சொல்லியிருப்பாய். ஆனால் அவளுடைய அண்ணன் குடும்பத்தை வைத்துக்கொண்டு, "வயசாச்சு, அண்ணிக்கு மறதி வரத்தானே செய்யும்" என்று சொன்னாயாம். அதை மட்டும் தவிர்த்திருக்கலாம். பிறந்த வீட்டார் முன்னால் தலைகுனிந்தால் பெண்பிள்ளைக்கு அது ஆறாது.

சொல்ல மறந்தேனே. அந்தக் கடைவாய்ப் பல் மறுபடி முணுமுணுக்கிறது. போன மாதம் சீழ் என்று நான் போன் செய்ததும் நீ ஒரு மாத்திரை சொன்னாயே, அதில் பாதி அட்டை குடோன் மேஜையில் கிடக்கிறது. வீட்டில் சொன்னால் "இன்னொரு நோயா" என்று உன் அண்ணி பயப்படுவாள் என்று அங்கேயே வைத்துப் போட்டுக்கொண்டேன். நல்ல மாத்திரை, வலி பறந்துவிட்டது. அதையே மறுபடி போடட்டுமா? ஒரு வரி எழுது.

அன்பு அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. உங்கள் வண்டிக்காரரையே நிற்கச் சொல்லி அவசரமாக எழுதுகிறேன்.

அந்த மாத்திரை வேண்டாம். தொடாதீர்கள். பழைய அட்டை, வீரியம் போயிருக்கும், குப்பையில் போட்டுவிடுங்கள். பல்லுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளியுங்கள். நேரில் பார்த்து வேறு ஏதாவது தருகிறேன்.

இதய டாக்டரிடம் பல் விஷயத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அவர்களுக்கு ஆயிரம் வேலை. பல்வலி என்றாலும் பத்து டெஸ்ட் எழுதிவிடுவார்கள்.

மாத்திரை விஷயத்தில் மகள் பார்த்துக்கொள்வதே நல்லது. அண்ணியை ஒன்றும் சொல்லாதீர்கள், பாவம்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 20

தம்பி,

விடுதியில் இருந்த காலத்தில் எழுதிப்போட்டால் ஒரு மாதம் வாய் திறக்காத உன்னிடமிருந்து வண்டியை நிறுத்திவைத்துப் பதில் வந்ததே, அங்கேயே எனக்கு இடித்தது.

நான் படிக்காதவன். பழைய டிரம்மை வாங்கி, கழுவி, விற்றுத்தான் இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தினேன். என் தொழிலில் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: முன்னால் இதில் என்ன இருந்தது? எண்ணெய் இருந்ததா, சோப்பு இருந்ததா, ஆசிட் இருந்ததா? ஆசிட் இருந்த டிரம்மையும் நான் விற்பேன். ஆனால் ஆசிட் என்று சொல்லி, அதற்கு ஏற்ற ஆளுக்கு விற்பேன். குடிதண்ணீர் பிடிக்கிறவனுக்குத் தரமாட்டேன். "ஒண்ணுமில்ல, கழுவியாச்சு, ஏத்துங்க" என்று அவசரப்படுகிறவனிடம் சரக்கே எடுக்கமாட்டேன். தூக்கிப் போடு, யாரிடமும் சொல்லாதே என்று நீ எழுதியதும் எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது.

பாதி அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இதய டாக்டரிடம் போனேன். அந்தம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இத எப்ப சாப்பிட்டீங்க?"

"விழறதுக்கு முந்தின வாரம்மா. பல்லுல சீழ்."

"யார் கொடுத்தது?"

"என் தம்பி. பல் டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அட்மிட் பண்ணின அன்னிக்கு உங்களோட வந்தாரே, அவரா?"

"அவனேதான்."

"புதுசா ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரான்னு அவர்கிட்ட நானே கேட்டேனே! ஒண்ணுமே இல்லன்னாரு. அண்ணி மறந்து ரெண்டு தடவ கொடுத்திருப்பாங்கன்னு சொன்னதே அவர்தான். எனக்கு அன்னிக்கே இடிச்சுது. ஒரு நாள் ரெண்டு மாத்திரை போட்டா ரத்தம் இவ்வளவு நீர்த்துப் போகாது."

எனக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்றேன். சொன்னார். நான் முழுங்கும் இதய மாத்திரையைத் தினம் தினம் கல்லீரல் கரைத்து வெளியே அனுப்புகிறதாம். அதைக் கணக்குப் பண்ணித்தான் அளவு எழுதிக் கொடுக்கிறார்கள். நீ சொன்ன ஆன்டிபயாடிக் போய் அந்தக் கல்லீரலின் வேலையைத் தடுத்துவிடுமாம். எனக்குக் குடோன் கணக்கில்தான் எதுவும் ஏறும். முன்வாசலில் வழக்கம்போல் லோடு இறங்குகிறது, பின்வாசலைப் பூட்டியாகிவிட்டது. உள்ளே என்ன ஆகும்? மாத்திரையின் எண்ணிக்கை கூடவில்லை, தம்பி. போகிற வழி அடைபட்டு உள்ளேயே சேர்ந்திருக்கிறது.

"அப்ப எங்களுக்குச் சீழ் பிடிச்சா மருந்தே கிடையாதாம்மா?" என்று கேட்டேன்.

"யார் சொன்னா? ஒத்துப்போற மருந்தாப் பார்த்துக் கொடுக்கலாம். இதையே கொடுக்க வேண்டி வந்தாலும், ரெண்டு மூணு நாள்ல ரத்தம் பார்த்து, அந்த மாத்திரையோட அளவக் குறைச்சுக்கலாம். எங்களுக்குச் சொல்லணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

நீ தவறான மாத்திரை சொன்னதற்காக உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். கை தவறாத ஆள் எந்தத் தொழிலில் இருக்கிறான்? ஆனால் நான் ரத்தம் போய்க் கட்டிலில் கிடக்கிறேன். டாக்டர் உன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். அந்த இடத்தில் உனக்கு என் உயிரைவிட உன் பெயர் பெரிதாகப் போய்விட்டது. சரி, அதையும் நான் முழுங்கிக்கொள்வேன். பழியை எங்கே கொண்டுபோய் இறக்கினாய்? நீ எட்டாம் வகுப்புப் படிக்கும்போது இந்த வீட்டுக்கு வந்து, உனக்கு ஊட்டாத குறையாகச் செய்த உன் அண்ணி தலையில்! அவளுடைய அண்ணன் முன்னால்!

உன்னிடம் கேட்காமல் அந்த மீதி அட்டையையும் நான் போட்டிருந்தால்? அப்போதும் அவளைத்தான் கைகாட்டியிருப்பாயா?

அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வா. நீயே உன் வாயால் சொல். எனக்கு மன்னிப்பு வேண்டாம், அதை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? அவளுக்கு அவள் நிம்மதி திரும்ப வேண்டும்.

அண்ணன்


பிப்ரவரி 22

அண்ணா,

நீங்கள் போன் செய்தபோது நாற்காலியில் ஒரு பேஷன்ட் வாயைத் திறந்தபடி இருந்தார். சீழ் என்றதும் எல்லோருக்கும் சொல்வதையே சொல்லிவிட்டேன். உங்களுக்குப் பல்லைப் பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. இந்த மருந்து உங்கள் இதய மாத்திரையோடு சேராது என்பது ஞாபகமில்லை. அந்த டாக்டர் கேட்ட நொடியில்தான் உறைத்தது. உண்மையைச் சொல்ல வாய் எடுத்தேன், வேறு என்னவோ வந்துவிட்டது. அண்ணி அழுதுகொண்டே "நான்தான் ரெண்டு தடவ கொடுத்தேனோ என்னவோ" என்று முனகிக்கொண்டிருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அண்ணா, அதனால் உங்கள் சிகிச்சைக்குக் குறை வரவில்லை. காரணம் எதுவானாலும் அதே ஊசிதான் போட்டிருப்பார்கள். இப்போது இரண்டாவது கிளினிக் திறக்கப்போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்த நேரத்தில் ஒரு வார்த்தை வெளியே போனாலும் என் பிழைப்பு போய்விடும். என் மனைவிக்கும் தெரியாது. அந்த டாக்டரிடம் மேற்கொண்டு எதுவும் பேசாதீர்கள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஞாயிறு வருகிறேன். அண்ணியிடம் சொல்கிறேன். நம் மூவரோடு போகட்டும்.

தம்பி


பிப்ரவரி 28

தம்பிக்கு,

சொன்னபடி வந்தாய். பை நிறையப் பழம் வாங்கி வந்தாய். உன் அண்ணி ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சமையலறையில் நின்று சமைத்தாள், நீ வருகிறாய் என்று. நீ சாப்பிட்டாய், இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று கேட்டு வாங்கியும் சாப்பிட்டாய். மகளின் படிப்பைப் பற்றிப் பேசினாய், புது நாற்காலி எப்படிப் படுக்கை மாதிரி சாய்கிறது என்று சொன்னாய். நான் காத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி" என்றாய். அப்பாடா, வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நடந்தத நினைச்சு மனசப் போட்டு வருத்திக்காதீங்க, அண்ணி. மறதி யாருக்கும் வர்றதுதான். நாங்க யாரும் உங்களத் தப்பா நினைக்கல."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க தம்பி" என்றாள்.

அதற்கு அடுத்த வார்த்தை ஒன்று வரும் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் காதோடு, "அடுத்த தடவ கண்டிப்பா சொல்லிடறேண்ணா" என்றாய்.

நீ பொய் சொன்னதைவிட இதுதான் எனக்குப் பெரிது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பதறிப்போய்ச் சொன்னாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை உனக்கு என்ன பதற்றம்? வயிறு நிறைந்து, நிதானமாக, என் கண்ணெதிரே, செய்யாத குற்றத்துக்கு அவளை மன்னித்துவிட்டுப் போனாய். எனக்கும் தெரியும் என்று தெரிந்தே செய்தாய். நானும் உனக்குக் கூட்டு என்று எண்ணிவிட்டாய்.

நீ தெருமுனை தாண்டுவதற்குள் அவளிடம் சொல்லிவிட்டேன். உன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"அப்ப நான் ரெண்டு தடவ கொடுக்கலியா?"

"கொடுக்கல."

"இது தம்பிக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

"இப்ப சாப்பிட உட்காந்தப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "ஒரு மாசமா எனக்குப் பச்சத் தண்ணி கூட ஒழுங்கா இறங்கல. அவருக்கு எப்படிங்க கேட்டு வாங்கிச் சாப்பிட முடிஞ்சுது?" என்றாள்.

அதற்குப் பதில் உன்னிடம் இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

என் பல் கதையும் முடிந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பெண் பல் கிளினிக் வைத்திருக்கிறாள். நாற்காலியில் உட்காரவிடாமல், "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க அங்கிள்?" என்று முதலில் கேட்டாள். வால்வு என்றதும் இதய டாக்டருக்கு நேராகப் போன் போட்டாள். இருவரும் பேசி ஒரு மருந்து முடிவு செய்தார்கள், அடுத்த வாரம் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு சின்ன வேலை அது.

உன் அண்ணி நேற்று தன் அண்ணனுக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "மறதி எனக்கில்ல. கேட்டுக்கிட்டீங்களா? எங்க, திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். அந்த மனிதரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "உனக்கு மறதி இல்லம்மா" என்று சொன்னார். பிறகு அவருடைய மனைவியைக் கூப்பிடச் சொல்லி அந்த அம்மாள் வாயாலும் சொல்லவைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. உன் பிழைப்பைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இல்லை. கெடாமல் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. யார் யார் காதில் அவள் பெயர் கெட்டதோ அவர்களுக்கெல்லாம் தானே சொல்லப்போகிறாளாம். நான் தடுக்கமாட்டேன்.

அடுத்த பெயர் உன் மனைவியுடையது. உடனே போனை எடுத்தாள். நாளை மறுநாள் வரை பொறு என்று நான்தான் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். கட்டியவள் இதை அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது. அதற்குள் நீயே சொல்லிவிடு.

அண்ணன் என்று உனக்கு நான் செய்வதில் இதுதான் கடைசி. பதில் எழுத வேண்டாம்.

உன் அண்ணியின் கணவன்