கட்டு அவிழ்க்கும் முன்

அம்பிட்டிய,
9.7.1934

பாயிஸாவின் வாப்பாவுக்கு, கைரியா ஸலாம் சொல்லி எழுதுவது.

நானும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உங்கள் கண் ஒப்பரேஷன் முடிந்துவிட்டதாகக் கொழும்பிலிருந்து ஹலீம் நானா எழுதிய கடிதம் கிடைத்தது. கூட்டாளி என்று ஆஸ்பத்திரியில் கூடவே இருக்கிறாரே, அவருக்கு நன்றி. இதையும் அவர்தான் உங்களுக்கு வாசிக்க வேண்டும். சில இடங்களில் குரலைத் தாழ்த்தி வாசிக்கும்படி இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

மழை விடவில்லை. புடவைக் கடையைத் தம்பி நளீர் திறக்கிறான். பாயிஸாவுக்கு இருமல் குறைந்துவிட்டது.

பார்வை திரும்பாவிட்டால் நான் பிள்ளைகளோடு கெலிஓயாவுக்கு, உம்மா வீட்டுக்கே போய்விட வேண்டும் என்று சொல்லி எழுதச் சொன்னீர்களாம். என் முகத்தைப் பார்க்க முடியாதவரோடு நான் எப்படி வாழ்வேன் என்றும் கேட்டீர்களாம். வாசித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. அவ்வளவு கோபம்.

கலியாணமான புதிதில் பகலில் கடையைச் சாத்திவிட்டு, இந்த மேட்டில் மூச்சிரைக்க ஏறி வருவீர்கள். மாமி கேட்டால், குடையை மறந்துவிட்டேன் என்பீர்கள். வெளியே கொளுத்தும் வெயில். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிப் போவீர்கள். நானும் கண்ணுக்குச் சுர்மா இட்டுக்கொண்டு காத்திருப்பேன். பாயிஸா பிறந்த பிறகு அது குறைந்து, பின்பு நின்றே போனது. சாப்பிடுவீர்கள், சீத்தைத் துணியின் விலையைப் பேசுவீர்கள், தூங்கிவிடுவீர்கள். புதுச் சீலை உடுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஆசை விட்டுப்போன மனிதரோடு எதற்கு இருக்க வேண்டும் என்றுதான் அந்தப் பெருநாளோடு உம்மாவிடம் போய் இருந்துகொண்டேன்.

நீங்கள் வந்தீர்கள். சமாதானமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பீலியில் விழும் தண்ணீரை எடுக்க இறங்கும் படி வழுக்குகிறது என்றாயே, மூங்கிலில் கைப்பிடி கட்டிவிட்டேன், வா போகலாம் என்றீர்கள். நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்து நான் முணுமுணுத்த பேச்சு அது. மறுநாள் குடத்தோடு அந்த மூங்கிலைப் பிடித்து இறங்கும்போது அழுகை வந்துவிட்டது. இதுவரை உங்களிடம் சொல்லவில்லை.

நீங்கள் மட்டுமா மாறினீர்கள்? முன்பெல்லாம் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டால் என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் அடங்குகிறது. நீங்கள் கொழும்புக்குப் போன இந்த மூன்று கிழமையாக அடங்கவில்லை. ஹலீம் நானா, நான் சொன்ன இடம் இதுதான்.

வியாழக்கிழமை கட்டு அவிழ்ப்பார்களாம். நளீரோடு காலைக் கோச்சியில் ரயிலேறி வருகிறேன். நான் வந்து சேரும்வரை பொறுக்கும்படி டாக்டரைக் கேளுங்கள். பார்வை வந்தால் என் நரையைப் பார்த்துச் சிரியுங்கள். வராவிட்டால் என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். என்னைப் போகச் சொல்லி மட்டும் இனி எழுத வேண்டாம்.

உங்கள் கண்ணுக்கு அல்லாஹ் ஒளி தரட்டும். அவன் எதைத் தந்தாலும் அது நம் இரண்டு பேருக்குமாக இருக்கட்டும்.

உங்கள்
கைரியா