ஐந்தாவது கார்டு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே பேசலாமே என்பாய். போன் அடித்தாலே எடுக்க எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. போன வாரம் நீ கூப்பிட்டபோது யார் என்று பார்க்கக்கூடத் தைரியமில்லாமல் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதோடு போனில் நீ சரிம்மா, சரிம்மா என்றே சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், கடிதத்தில் உன் ஜம்பம் பலிக்காது.

உன் மாமா விஷயம்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துத் தேய்த்து ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற என் தம்பிக்குத் தன் கடன் மட்டும் கண்ணில் படவில்லை. உன் அத்தையின் வைத்தியத்துக்கு என்று ஒரு கிரெடிட் கார்டு வாங்கினான், அவள் போன பிறகும் அந்தக் கடன் போகவில்லை. அதைக் கட்ட இன்னொரு கார்டு, அந்த இன்னொன்றைக் கட்ட மூன்றாவது என்று நாலு கார்டு ஆகிவிட்டது. மாசாமாசம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டுக் கட்டியாச்சு என்று நிம்மதியாக இருந்திருக்கிறான், வட்டி அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கடன் இவ்வளவு என்று எங்களுக்குத் தெரிய வந்ததே வசூலுக்கு ஆள் வந்த பிறகுதான். மாமா எங்கள் விலாசத்தைக் கொடுத்து வைத்திருக்கிறான். வந்தவர் கத்தவில்லை, மிரட்டவில்லை, அதுதான் எனக்குக் கிலி. அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தர்றீங்களா என்று கேட்டு, உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார், வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், என் தையல் மெஷினைக் காட்டி இது யாரோடது என்று கேட்டார். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மிதிக்கிற காலை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாலு பிளவுஸ் தைக்கிற நேரத்தில் ஒன்றுதான் முடிகிறது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கண்ணாடிக் கடை முதலாளி அப்பாவைப் போனில் கூப்பிட்டார். மாமா டிபன் பாக்ஸையும் தன் கண்ணாடியையும் மேஜைமேலேயே வைத்துவிட்டு வெளியே போனவன் திரும்பவில்லையாம், போனும் அணைந்து கிடக்கிறதாம். கண்ணாடி இல்லாமல் அவனுக்குப் பத்தடி தெரியாது என்று உனக்குத் தெரியும். நினைக்கக்கூடாததையெல்லாம் நினைத்துவிட்டேன், எழுதவும் பயமாக இருக்கிறது. உன் அப்பா அவனைத் தேடிக் கிளம்பினால், நம் கட்டடத்திலேயே கீழ் மாடித் திருப்பத்தில், படியில் உட்கார்ந்திருக்கிறான். ரெண்டு மணி நேரமாக அங்கேதான் இருந்தானாம், மேலே வந்து மணி அடிக்கக் கால் வரவில்லை, எந்த முகத்தை வச்சுக்கிட்டு அக்காவைப் பார்க்கிறது அத்தான் என்று அழுதானாம். அப்பா கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து உன் அறையில்தான் படுத்துக்கொள்கிறான். கதவைத் தாழ் போடாதேடா என்று சொல்லியிருக்கிறேன், போடுவதில்லை. இருந்தாலும் நான் போய்ப் போய்ப் பார்க்கிறேன்.

அப்புறம் கடன் ஆலோசனை சொல்கிற ஒரு அம்மாவிடம் அவனைக் கூட்டிப் போனோம், நான், அப்பா, உன் பெரியம்மா மூன்று பேரும். பிரிக்காத கவர்களை ஒரு பைநிறையக் கொண்டு போய்க் கொட்டினோம். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கிவிட்டு, பாங்குகளோடு பேசி வட்டியைக் குறைத்துத் தவணையாக மாற்றலாம், வசூல்காரர் வீட்டுக்கு வந்தால் எழுத்து மூலமாக மட்டும் பேசச் சொல்லுங்கள், ஆனால் ஒரு கடன்கூட விட்டுப்போகக் கூடாது, சொந்தக்காரர்கள் கொடுத்தது உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள் என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு எழுதினான். அப்போதுதான் குட்டு உடைந்தது. உன் அப்பா ஓய்வுப் பணத்திலிருந்து எனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறார். நான் என் சங்கிலியை அவருக்குத் தெரியாமல் கொடுத்தேன், பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தச் சங்கிலியைத்தான். பெரியம்மா எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியாமல். மூன்று பேரும் அவனிடம் யார்கிட்டேயும் சொல்லாதே என்று சத்தியம் வேறு வாங்கியிருக்கிறோம். நம் வீட்டில் கொடுத்ததை வெளியே சொன்னால் கௌரவக் குறைவு, அந்தப் பெருமையில் ஆளுக்கொரு பக்கம் ஊற்றிக்கொண்டே இருந்தோம், ஓட்டையை ஒருத்தரும் பார்க்கவில்லை. பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு அழுகை. மாமா மூன்று பேரை எழுதிவிட்டுப் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதானா என்று அந்த அம்மா ரெண்டு தரம் கேட்டார். அவ்வளவுதான் என்றான்.

வீட்டுக்கு வந்து நாலு கார்டையும் என் துணிக் கத்தரியாலேயே வெட்டினேன். அந்தக் கத்தரியால் ஒரு காகிதம் நறுக்கினாலே நான் எப்படிக் கத்துவேன் என்று உனக்குத் தெரியும், சின்ன வயசில் அதற்காக அடி வாங்கியவள் நீ. முனை மழுங்கித்தான் போச்சு, போகட்டும்.

நேற்று மாமாவின் கடைக் கோட்டைத் துவைக்க எடுத்தேன். உள் லைனிங்கில் ஒரு இடம் கோணல்மாணலாகத் தைத்திருந்தது. அது என் தையல் இல்லை. பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கார்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் படித்தேன் கண்ணே, அதில் இருந்தது உன் பேர்.

ரெண்டு வருஷமாக லீவு இல்லை, ஓவர்டைம் என்று நீ வராதது, மாமாவுக்குக் கொடுத்த உன் கார்டின் கடனை அடைக்கத்தான் என்று இப்போது புரிகிறது. மாமாமேல் கோபப்படாதே, யாரிடமும் சொல்வதில்லை என்று உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அந்தப் பேனா அங்கே நின்றது. உன்மேலும் எனக்குக் கோபம் இல்லை. பயம்தான். அங்கேயும் யாராவது உன் கதவைத் தட்டி உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்களா? யாரும் கூட இல்லாமல் நீயும் ஏதாவது ஒரு படியில் உட்கார்ந்திருக்கிறாயா? இதை நினைத்து நேற்றிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. இந்தக் கார்டை நான் வெட்டவில்லை. கணக்கு எழுதாமல் வெட்டினால் கார்டுதான் போகும், கடன் போகாது என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். நூல் டப்பாவில் வைத்திருக்கிறேன். எவ்வளவு பாக்கி, எத்தனை மாசமாகக் கட்டவில்லை, எல்லாவற்றையும் மறைக்காமல் எழுது. அப்பாவிடம் இன்று சாயங்காலம் நானே சொல்லிவிடுவேன், இந்த ஒளிவுமறைவு என்னோடு முடியட்டும். மாமாவின் தாளில் நாலாவதாக உன் பேரையும் எழுதி, எல்லாருமாகச் சேர்ந்து அடைப்போம்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நிமிர்ந்து நடக்க வேண்டும், அப்பாவும் நானும் வேண்டுவது அது ஒன்றுதான். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதே. யார் என்று விசாரித்துவிட்டுக் கதவைத் திற. கடிதம் கையில் கிடைத்ததும் கூப்பிடு. போன் இப்போது என் மடியில்தான் இருக்கிறது, யார் அடித்தாலும் எடுக்கிறேன், அது நீயாக இருக்கலாம் இல்லையா.

உன் வழி பார்த்திருக்கும்,
அம்மா