டிவிக்கு மேலே தொங்கிய சட்டை

1996, கார்த்திகை, வெள்ளிக்கிழமை

எழுதவே கூச்சமாக இருக்கிறது. இன்று சாயங்காலம் முழுவதும் ஈரத் துண்டோடு என் வீட்டு அடுப்படியிலேயே ஒளிந்திருந்தேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், முன்னறையில் டிவி முன்னால் தெருப் பெண்கள் அம்புட்டுப் பேரும். என் வேட்டி சட்டை டிவிக்கு மேலே ஆணியில். விளக்கு வைக்குமுன் ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தி வீட்டுக்குப் போய், மகள் வளைகாப்புக்கு நாள் சொல்ல வேண்டும். பிந்தினால் சம்பந்தியம்மா அவளைத்தான் குத்திக்காட்டிப் பேசுவாள்.

"ஏட்டி பேச்சி, சட்டையை எடு" என்றேன் மனைவியிடம்.

"செத்த பொறுங்க, இது முடியட்டும்."

ஒரே சேனல் இருந்த காலத்தில் செய்தி போட்டதும் எழுந்து போய்விடுவார்கள். இப்போது கேபிள். ஒரு தொடர் முடிந்ததும் பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பொத்தானை அமுக்கினாள், அடுத்தது ஆரம்பித்தது. அதுவும் முடிந்தது. மறுபடி அமுக்கினாள்.

கடைசியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, சட்டையை எடுக்க அவர்கள் நடுவே நடந்தேன்.

"கொழுந்தனாரே, மறைக்காம போங்க" என்றாள் மதினி. என்னை யாரும் பார்க்கக்கூட இல்லை.

இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க. பாதி ஓடுது" என்றாள் சம்பந்தியம்மா, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். அங்கேயும் கேபிள். மகள் கதவோரம் நின்று என் வாயையே பார்த்தாள். இது முடியட்டும் என்று காத்திருந்தேன். அவர்கள் வீட்டில் ரிமோட் வேறு.

உட்கார்ந்தபடியே கண் அசந்து, பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா தோளில் சாய்ந்துவிட்டேன். மகள்தான் எழுப்பிக் கடைசி பஸ்ஸுக்கு அனுப்பினாள். நாள் இன்னும் சொல்லவில்லை.